நாற்பத்தோராம் நாள்

நாவலப்பிட்டியில் நான் பார்த்த சட்டத்தரணி கதையை முழுதாகக் கேட்கவில்லை. "கோப்பு வெளிய வந்தது என்ன திகதி?" என்றார். சொன்னேன். சுவரில் தொங்கிய நகைக்கடைக் கலண்டரில் பேனா முனையை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்றில் நின்றது. பேனாவை மூடிவிட்டார்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அரச பல்கலைக்கழகத்தின் செயலுக்கு எதிராகவும் அந்த வழியில் போகலாம். பத்துப் பதினொரு நாள் வித்தியாசத்தில் அதைக் கோட்டை விட்டேன்.

நடந்தது இதுதான். பேர்சரி கேட்டு விண்ணப்பித்த எங்கள் வருடத்துப் பிள்ளைகளின் எக்செல் கோப்பு வட்ஸ்அப்பில் சுற்றியது. அலுவலகத்தில் யாரோ அந்தக் கோப்பின் இணைப்பை எவரும் திறக்கும்படி விட்டிருக்கிறார்கள். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, வீட்டுப் போன் நம்பர் எல்லாம் வரிசையாக இருந்தன. கணக்கையும் நம்பரையுமாவது மாற்றிவிடலாம். கடைசி நிரலின் தலைப்பு 'காரணம்'. நேர்முகத்தில் நான் அழுதுகொண்டு சொன்னதை ஒரு லிகிதர் சுருக்கித் தட்டியிருந்தார்: 'தகப்பன் குடி. தாய் கொழுந்து. ஆறு பேர், ஒரு லயக் காம்பரா.' விரிவுரை மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த பையன் அந்த வரியை விரலால் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் அம்மாவுக்குப் போன் வந்தது. என் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிசகாமல் சொல்லி, "பேர்சரி காசு போடணும், இப்ப வந்த நம்பரச் சொல்லுங்கம்மா" என்றிருக்கிறார்கள். மலையில் கொழுந்துக் கூடையோடு நின்றவள் சொல்லிவிட்டாள். 27,000 ரூபா போய்விட்டது. "நீதானே சொன்ன, கம்பஸ் காசு வரும்னு" என்றாள். இன்னும் அதற்கு என்னிடம் பதிலில்லை. என் வங்கிக் கணக்கு நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திறந்தது, எஸ்எம்எஸ் அம்மாவின் போனுக்குத்தான் போகும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இன்றே மாற்றுங்கள்.

வங்கியில் கணக்கை முடக்கியது, 101க்கு அழைத்து இலங்கை சேர்ட்டில் சொன்னது, பொலிஸில் முறைப்பாடு போட்டது எல்லாம் ஒரே கிழமையில் முடிந்தன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்கிறார். முறைப்பாட்டுப் பிரதியை வாங்காமல் எழும்பாதீர்கள்.

பிறகு ஏன் நாற்பத்தொரு நாள்? நான் பொறுத்திருந்தேன், அதுதான் பிழை. அலுவலகத்தில், "உள்ளக விசாரணை நடக்குது, ரெண்டு கிழமை பொறுங்க மகள்" என்றார்கள். அந்த இரண்டு கிழமை நான்கானது. நடுவில் சீனியர் அண்ணா ஒருவர், "கம்பஸோட மோதாத தங்கச்சி, ரிசல்ட்ல கை வைப்பாங்க. அவுஸ்திரேலியாவிலயே இப்படி நடக்குது" என்று புத்தி சொன்னார். நடந்தது உண்மைதான். 2018இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள், 19 வருடத் தரவு அவர்கள் கைக்கு எட்டும்படி இருந்தது. 2019 ஜூனில் அதை ஊருக்குச் சொன்னதே அந்தப் பல்கலைக்கழகம்தான், எப்படி நடந்தது என்று அறிக்கையும் வெளியிட்டது. எங்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. அண்ணாவின் பெயர் அந்தக் கோப்பில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளக விசாரணைக்காக அந்த ஒரு மாதம் நிற்காது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு நின்றிருக்கும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, மாதம் முடியுமுன் அங்கே முறைப்பாடு கொடுத்தால் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. எங்கள் கொத்மலையிலிருந்து ஒரு பகலில் போய்வரலாம், கூட வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது கூலி, போகும், அவ்வளவுதான். பக்கத்திலிருந்தும் நான் போகவில்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சட்டத்தரணி சிரித்தார். என் கோப்பு வெளியானபோது நாம் உரிமை கேட்கும் பகுதி நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 2025 மார்ச் 18 என்று குறித்த நாளும் தள்ளிப்போனது. நீங்கள் போகும் நாளில் எந்தப் பகுதி நடப்பில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். விண்ணப்பத்துக்குக் காசு இல்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'ஏன் கசிந்தது' என்று கேட்டால் மழுப்புவார்கள். கோப்பைத் திறக்க யார் யாருக்கு அனுமதி இருந்தது, இணைப்பை மூடிய திகதி என்ன, விசாரணைக் குழுவை நியமித்த கடிதத்தின் பிரதி எங்கே என்று கேட்டேன். முதற்பதில் சிங்களத்தில் வந்தது. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையைக் காட்டித் தமிழில் கேட்டு வாங்கினேன். குழுவை நியமித்த கடிதத்தின் திகதி, நான் இந்தத் தகவல் விண்ணப்பத்தைக் கொடுத்ததற்கு மூன்றாம் நாள். என்னைப் பொறுக்கச் சொன்ன நாட்களில் எந்த விசாரணையும் நடக்கவில்லை.

பட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். இன்னொரு தடவை பொறுக்க மாட்டேன். அந்த நியமனக் கடிதம் இப்போது நட்டஈட்டு வழக்குக்கான ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இரண்டு வருடம் தருகிறது. எனக்கு இன்னும் ஏழு மாதம் மிச்சம்.