புலன்களின் கூர்மையும் பணியிடமும்

விலங்குகளால் தங்கள் வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாது. பூனை உண்ணாமல் ஒதுங்கிக் கிடப்பதையும் நாய் ஒரு காலைத் தயங்கி ஊன்றுவதையும் கவனித்தே விலங்கு மருத்துவர் நோயை அறிகிறார். ஆகவே, சிறிய மாற்றத்தையும் கூர்ந்து நோக்கும் திறன் இத்தொழிலுக்கு மிகவும் தேவை. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடையவர்கள் பலரிடம் இத்திறன் சிறந்து விளங்குகிறது. மதியிறுக்கத்தை நோய் என்று கருதுவது தவறு. அது மூளை வேறு விதமாக வளர்ந்து செயல்படும் நிலையாகும்.

அமெரிக்க விலங்கு அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1947ஆம் ஆண்டு பிறந்த இவர், மதியிறுக்கத்தின் காரணமாகக் குழந்தைப் பருவத்தில் தாமதமாகவே பேசத் தொடங்கினார். மாட்டுப் பண்ணைகளில் மாடுகள் நடைபாதையில் மிரண்டு நின்றபோது பணியாளர்கள் அவற்றை அதட்டி விரட்டுவது வழக்கம். கிராண்டினோ அப்பாதைக்குள் தாமே இறங்கி, மாடுகளின் கண்மட்டத்தில் சுற்றிலும் பார்த்தார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், வேலியில் கிடக்கும் மேற்சட்டை போன்றவையே மாடுகளை மிரட்டுகின்றன என்று கண்டறிந்தார். பிறர் கண்ணில் படாதவை அவர் கண்ணில் பட்டன.

எனினும், இதே கூர்மை துன்பத்தையும் தரக்கூடும். சிறுவயதில் பள்ளி மணியோசை கிராண்டினின் காதுகளை வருத்தியது. விலங்கு மருத்துவமனையிலோ நாய்களின் குரைப்பு, தொலைபேசி மணி, கிருமிநாசினியின் நெடி, கண்ணைக் கூசும் விளக்கு ஆகிய அனைத்தும் ஒருங்கே தாக்குகின்றன. திடீரென வரும் அவசரச் சிகிச்சை அன்றைய திட்டத்தையே மாற்றிவிடுகிறது. செல்லப்பிராணியை இழந்து அழும் உரிமையாளருக்கு ஆறுதலும் கூற வேண்டியுள்ளது.

இச்சூழலில் மதியிறுக்கமுடைய மருத்துவர் சிலர், மற்றவர்களைப் போலத் தோன்றுவதற்காகத் தங்கள் சிரமத்தை நாள்தோறும் மறைக்கின்றனர். உண்மையைச் சொன்னால் தங்கள் திறமையைப் பிறர் ஐயுறுவர் என்று அஞ்சுகின்றனர். இவ்வாறு ஓயாமல் மறைப்பதால் மனமும் உடலும் சோர்ந்து போகின்றன. இறுதியில், விரும்பிக் கற்ற தொழிலையே சிலர் கைவிட நேரிடலாம். அப்போது நல்ல மருத்துவர் ஒருவரை விலங்குகளும் இழக்கின்றன.

பிரிட்டனில் இச்சிக்கல் கவனம் பெற்றுள்ளது. அங்குள்ள அரச விலங்கு மருத்துவர் கல்லூரி, மதியிறுக்கமுடைய மருத்துவர்களின் பணியிட மன அழுத்தம் குறித்து நாட்டிங்காம் பல்கலைக்கழகம் மேற்கொண்ட ஆய்வுக்கு 2021ஆம் ஆண்டில் நிதியுதவி அறிவித்தது. மேலும், உடற்குறையோ நீண்டகாலப் பாதிப்போ உடைய ஊழியருக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களை முதலாளிகள் செய்து தர வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வலியுறுத்துகிறது.

அம்மாற்றங்கள் பெருஞ்செலவு பிடிப்பவையாக இருக்க வேண்டியதில்லை. மறுநாள் அறுவைச் சிகிச்சைப் பட்டியலை முன்கூட்டியே தரலாம். வாய்மொழியாகக் கூறும் அறிவுரைகளை எழுத்திலும் வழங்கலாம். இரைச்சலைக் குறைக்கும் காதடைப்பான்களை அனுமதிக்கலாம். இரு நோயாளிகளுக்கிடையே சிறிது இடைவெளி விடலாம். ஓய்வெடுக்க அமைதியான அறை ஒன்றை ஒதுக்கலாம். எது உதவும் என்பதை அந்த மருத்துவரிடமே கேட்டறிவது எல்லாவற்றிலும் முதன்மையானது. ஏனெனில், ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

இவற்றைச் சலுகை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், தெளிவான அறிவுரையும் போதிய ஓய்வும் எல்லா ஊழியருக்கும் பயன் தருபவை. இரைச்சல் குறைந்த அறையில், கூண்டுக்குள் அஞ்சி ஒடுங்கியிருக்கும் பூனையும் சற்று அமைதி அடையும். ஒருவரின் கூர்மையான கவனிப்பால் பயன்பெறும் பணியிடம், அக்கூர்மையால் அவர் படும் துன்பத்தைக் குறைக்கவும் முன்வர வேண்டும்.