காருக்கு ஸ்பான்சர் வேண்டுமா? கம்ப்யூட்டரில் தயாராகுங்கள்!

ரேஸ் ஓட்டுவதற்காக காரை மாற்றி அமைக்கும் இளைஞர்கள் பலர், பாதி வழியில் பணமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். என் சித்தப்பா மகனும் அப்படித்தான். பழைய மாருதி எஸ்டீம் ஒன்றில் ரோல் கேஜ், பக்கெட் சீட், புது சஸ்பென்ஷன் எல்லாம் போட்டுவிட்டான். சேமிப்பு தீர்ந்தது. டயருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் வழியில்லை. 12 கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பியும் பதில் இல்லை.

மெயிலை வாங்கிப் பார்த்தேன். கேம் ஷாஃப்ட், ஹார்ஸ் பவர் என்று மூன்று பக்கம். படிப்பவர் ஜவுளிக்கடை முதலாளி! அவருக்கு வேண்டிய பதில்கள் இரண்டுதான்: என் கடைப் பெயர் எங்கே தெரியும்? யார் பார்ப்பார்கள்? இதற்குப் பதில் சொல்லும் இரண்டு பக்க பிடிஎஃப் ஒன்றை இலவச சாஃப்ட்வேர்களைக் கொண்டே தயாரிப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே கார் பந்தயத் தடத்தில் மட்டுமே ஓடும், அங்கே டிரெய்லரில்தான் போகும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வழங்கும் போட்டி லைசென்ஸ் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். தெருவில் சீறிப் பாயும் போட்டோ வேண்டாம். வழக்கில் மாட்டும் காரில் தன் பெயரை ஒட்ட யாரும் விரும்பமாட்டார்கள்.

காரில் லோகோ

லோகோ ஒட்டிய காரைப் படமாகக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. ஜிம்ப் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

1. பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் எடுத்த கார் போட்டோவைத் திறக்கவும்.

2. ஃபைல் மெனுவில் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் கொடுத்து லோகோவைக் கொண்டு வரவும். பின்னணி இல்லாத பிஎன்ஜி ஃபைலாக இருந்தால் நல்லது.

3. ஷிஃப்ட் + எஸ் அழுத்தி லோகோவின் அளவைக் குறைக்கவும். பிறகு ஷிஃப்ட் + பி அழுத்தினால் பெர்ஸ்பெக்டிவ் டூல் வரும். நான்கு மூலைகளையும் இழுத்து, கதவின் சாய்வுக்குப் பொருத்தி, டிரான்ஸ்ஃபார்ம் பட்டனை கிளிக் செய்யவும்.

4. கார் வெளிர் நிறமாக இருந்தால் லேயர் மோடை மல்டிப்ளை என்று மாற்றவும். கதவின் நிழல் லோகோ மேலும் விழுந்து, உண்மையில் ஒட்டியது போலத் தெரியும்.

5. எக்ஸ்சிஎஃப் ஃபைலாக சேவ் செய்யவும். அடுத்த கம்பெனிக்கு லோகோ லேயரை மட்டும் மாற்றினால் போதும். பிடிஎஃப்புக்காக எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் ஜேபிஜி எடுக்கவும்.

படத்தின் கீழே 'மாதிரி' என்று எழுத மறக்காதீர்கள். ஒரு கம்பெனிக்காகச் செய்த படத்தை இன்னொரு கம்பெனிக்குக் காட்டாதீர்கள். போட்டி எண்ணுக்கும் போட்டி நடத்துபவரின் ஸ்டிக்கருக்கும் எந்த இடம் என்பதை விதிமுறைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, மீதி இடத்தை மட்டும் விலை பேசுங்கள்.

கணக்கு

லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் ஒரு ஷீட் திறந்து டயர், எரிபொருள், நுழைவுக் கட்டணம், டிரெய்லர் வாடகை என ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் ஆட்டோசம் கொடுங்கள். உதாரணமாக, ஒரு சுற்றுக்கு 40,000 ரூபாய் என்றால் 3 சுற்றுக்கு 1,20,000. இதை ஒருவரிடமே கேட்காதீர்கள். பானெட், கதவு, பின்பக்கம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வையுங்கள். பணமாகத் தர யோசிக்கும் ஆயில் டீலர் பொருளாகத் தரலாம். அதற்கும் ஒரு வரி சேருங்கள்.

யார் பார்ப்பார்கள் என்ற இடத்தில் ஓட்டப்போகும் தடங்களை எழுதுங்கள்: சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. உள்ளூர்க் கடை என்றால், ரேஸ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை டிரெய்லரில் கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்துவதாகச் சொல்லுங்கள். தடத்தில் பார்ப்பவர்களைவிட வாசலில் பார்ப்பவர்களே அவருக்கு வாடிக்கையாளர்கள்.

'நிச்சயம் ஜெயிப்பேன்' என்று மட்டும் எழுத வேண்டாம். அது உங்கள் கையில் இல்லை. லோகோ ஒட்டுவதும், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் போட்டோவுடன் ஒரு பக்க அறிக்கை அனுப்புவதும் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை எழுதுங்கள்.

பிடிஎஃப் ஆக்குதல்

ரைட்டரில் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் அடக்கி, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் கொடுங்கள். ஜெனரல் டேபில் ரெட்யூஸ் இமேஜ் ரெசல்யூஷனை டிக் செய்து 150 டிபிஐ தேர்வு செய்யுங்கள். ஜிமெயில் 25 எம்பி வரை அனுமதித்தாலும் 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. முதலாளி அதை மொபைலில்தான் திறப்பார்.

மெயில் அனுப்பியதோடு நிற்காமல், பிரின்ட் ஒன்று எடுத்துக்கொண்டு நேரிலும் போய்ப் பாருங்கள். அந்தப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.