மூன்று முறையும் சிவப்பு

கேள்வி: ஐயா, கலஹாவில் சிறிய கடை வைத்திருக்கிறேன். கவ்வாத்துக் கத்தரி, புல் வெட்டும் மெஷினின் பிளேட், கார்பரேட்டர் எல்லாம் சீனாவிலிருந்து எடுப்பிக்கிறேன். மூன்று முறையும் சுங்கத்தில் சிவப்பு விழுந்தது. பெட்டிகளை உடைத்துப் பார்த்தார்கள். பிழையாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் தாமதக் கட்டணமே என் லாபத்தைத் தின்றுவிட்டது. கண்டியில் இதே சாமான் எடுக்கும் ஒருவருக்குப் பச்சை கிடைக்கிறதாம். "கொம்பியூட்டர் என்பதெல்லாம் சும்மா, ஆள் பார்த்துத்தான் போடுகிறார்கள்" என்கிறார்கள். பத்திரத்தில் "ஹார்ட்வேர் சாமான்" என்றுதான் கிளியரிங் ஏஜென்ட் போடுகிறார். தம்பியின் பெயரில் புதுப் பதிவு எடுத்தால் சரியாகுமா?
— வாசகர், கலஹா

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது சிவப்பு அல்ல, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "ஹார்ட்வேர் சாமான்" என்ற இரண்டு சொற்கள்.

நிறம் எப்படி விழுகிறது என்று முதலில் பார்ப்போம். ஏஜென்ட் சமர்ப்பிக்கும் 'கஸ்டெக்' என்ற சுங்க அறிவிப்புப் பத்திரம் அசிகுடா என்ற கணினி முறைமைக்குள் போகிறது. ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டு அமைப்பு உருவாக்கிய இந்த முறைமை 1990களிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. யார் எடுப்பிக்கிறார், யார் பத்திரம் போடுகிறார், எந்த நாட்டுப் பொருள், என்ன குறியீடு, எவ்வளவு பாரம், என்ன விலை என்று அது ஒவ்வொன்றையும் சுங்கம் முன்கூட்டியே எழுதி வைத்த விதிகளோடு பொருத்திப் பார்க்கும். பச்சை என்றால் பொருள் விடுபடும். மஞ்சள் என்றால் பத்திரங்களைப் பார்ப்பார்கள். சிவப்பு என்றால் பெட்டி திறக்கப்படும். நீலம் என்றால் பொருளை விட்டுவிட்டுப் பிறகு கணக்கைத் தணிக்கை செய்வார்கள். இவை தவிர, ஒரு சிறு பங்கு குலுக்கல் முறையிலும் சிவப்புக்குப் போகும். யாராலும் முன்கூட்டி ஊகிக்க முடியக் கூடாது என்பதற்காகவே அப்படி.

தோட்டப் பக்கத்து ஆளான உங்களுக்கு இது புதிதல்ல. கொழுந்து மடுவத்தில் கணக்கப்பிள்ளை எல்லாச் சாக்கையும் கொட்டிப் பார்ப்பதில்லை. நேற்று யாருடைய சாக்கில் முற்றல் இருந்ததோ, இன்று யாருடைய பாரம் வழக்கத்துக்கு மாறாக ஏறியிருக்கிறதோ, அதைத்தான் கொட்டுவார். இடையிடையே நல்ல பெயர் எடுத்தவரின் சாக்கிலும் கைவிட்டுப் பார்ப்பார்.

இப்போது உங்கள் பத்திரத்துக்கு வருகிறேன். கவ்வாத்துக் கத்தரி உலகச் சுங்கக் குறியீட்டில் 8201 என்ற தலைப்பில் வரும். மெஷினில் பூட்டும் பிளேட் 8208. கார்பரேட்டர் எஞ்சின் பாகம் என்பதால் 8409. மூன்றுக்கும் தனித்தனி வரி உண்டு, கிலோவுக்கு வழக்கமான விலையும் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் "ஹார்ட்வேர்" என்று அடைத்தால், கணினிக்குத் தெரிவது பாரத்தோடு விலை பொருந்தாத, பெயர் தெளிவில்லாத ஒரு பெட்டி. அதைத் திறந்து பார்க்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கண்டிக்காரர் ஒவ்வொன்றையும் பிரித்து எழுதுகிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். இது தாமதத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 1869இல் வந்த சுங்கக் கட்டளைச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடக்கிறது. பொய் விவரம் என்று முடிவானால் பொருள் பறிமுதலாகும் வரை போகலாம்.

"ஆள் பார்த்துப் போடுகிறார்கள்" என்ற சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். விதிகளை எழுதுவது மனிதர்கள். நிறத்தை மாற்றும் அதிகாரமும் சில அதிகாரிகளுக்கு உண்டு. ஆனால் கணினியில் மாற்றினால், மாற்றியவர் யார், எப்போது என்ற பதிவு மிஞ்சும். 2025 ஜனவரியில் கொழும்புத் துறைமுக நெரிசலைக் குறைக்க 323 கொள்கலன்களைப் பெட்டி திறந்து பார்க்காமலே விடுவித்தது நாடாளுமன்றம் வரை பெரும் சர்ச்சையானது. நெருக்கடியில் கை வைத்தால் முறைமை மீதான நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டாம். இந்தியா வேறொரு வழியை எடுத்தது. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முறையில், ஒரு துறைமுகத்துப் பத்திரத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி மதிப்பிடலாம். வணிகரும் அவரும் முகம் பார்ப்பதில்லை. இங்கும் அது வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சுங்கத்தின் மீது எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பெட்டியைத் திறந்த அதிகாரி என்ன கண்டார் என்பதைக் கணினியில் ஒழுங்காகப் பதிய வேண்டும். "பிழை இல்லை" என்பதும் ஒரு தகவல்தான். அது பதிவாகாவிட்டால், நேர்மையான சிறு வியாபாரி எத்தனை முறை திறந்து காட்டினாலும் கணினிக்கு அவர் அறிமுகமில்லாதவராகவே இருப்பார். பரிசோதனை முடிவு பதிவாகிவிட்டதா என்று ஏஜென்ட் மூலம் கேளுங்கள்.

தம்பியின் பெயரில் புதுப் பதிவு வேண்டாம். வரலாறே இல்லாத புதியவரைத்தான் எந்த நாட்டுச் சுங்கமும் அதிகம் சந்தேகிக்கும். மூன்று முறை சுத்தமாக வெளிவந்த உங்கள் பெயரை நீங்களே எறிந்தது போலாகிவிடும். பழைய மூன்று கஸ்டெக்கின் பிரதிகளையும் ஏஜென்டிடம் வாங்குங்கள். அடுத்த சரக்குக்கு சீனத்து விற்பனையாளரிடம் பொருள்வாரியாகப் பெயர், எண்ணிக்கை, பாரம், விலை பிரித்த விலைப்பட்டியல் கேளுங்கள். பணம் அனுப்பிய வங்கிச் சீட்டும் அதே தொகையைக் காட்ட வேண்டும். குறியீட்டில் சந்தேகம் இருந்தால், கப்பல் ஏறுவதற்கு முன்பே சுங்கத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்த முறையும் சிவப்பு விழலாம். ஆனால் பத்திரமும் பெட்டியும் ஒத்துப்போனால், பெட்டி அதிக நேரம் திறந்து கிடக்காது.