பார்க்காமல் கிட்டார் வாசிப்பது எப்படி?

போன வருடம் ஆண்டு விழாவில் நான் கிட்டார் வாசிக்க, என் தங்கை பாடினாள். நடுவில் ஒரு அடி மறந்துபோய் என்னைப் பார்த்தாள். நானோ குனிந்து என் விரலையே பார்த்துட்டிருந்தேன். பாவம், மேடையிலேயே அழுதுட்டா.

அப்புறம்தான் மாமா இதைச் சொல்லிக் கொடுத்தாங்க. கிட்டாரில் 6 கம்பிகள். மிக மெல்லியது 1-ஆம் கம்பி. ஏ மைனர் பிடிக்க:

ஆள்காட்டி விரல் – 2-ஆம் கம்பி, 1-ஆம் கட்டம்.
நடுவிரல் – 4-ஆம் கம்பி, 2-ஆம் கட்டம்.
மோதிர விரல் – 3-ஆம் கம்பி, 2-ஆம் கட்டம்.

இதிலிருந்து சி மேஜருக்கு மாற, மோதிர விரலை மட்டும் 5-ஆம் கம்பி, 3-ஆம் கட்டத்துக்குக் கொண்டுபோனால் போதும். மற்ற இரண்டையும் எடுக்கவே கூடாது. அந்த ரெண்டும்தான் மூணாவது விரலுக்கு வழி காட்டும்.

கண்ணை மூடி, மெதுவாக மாற்றுங்கள். பிடித்த கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். 'டப்' என்று கேட்டால் விரல் சரியாக அழுத்தவில்லை. கண் செய்த வேலையைக் காது செய்யும். கரண்ட் போன ராத்திரியெல்லாம் எனக்குப் பயிற்சி நேரம்தான்!

இந்த வருடமும் பாட வர்றேன்னு தங்கை சொல்லிட்டா. இனி அவள் முகத்தைப் பார்த்துத்தான் வாசிப்பேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி