இடுப்பு மூட்டு மாற்றுதலும் எதிர்பாரா உதிரப்பெருக்கும்

போடிநாயக்கனூரையடுத்த பொட்டிபுரம் முதலிய மலையடிவார ஊர்களில், ஏலத்தோட்டங்களுக்கு ஏறியிறங்கி மூப்படைந்த பெண்மக்கள் பலர். அவருள் ஒருவர் ஈரச் சரிவிலோ தம் வீட்டு முற்றத்திலோ வழுக்கி விழுவாராயின், தொடையெலும்பின் கழுத்து முறிதலுண்டு. அப்பொழுது முறிந்த தலையை நீக்கி, உலோகத்தாலாகிய மூட்டைப் பொருத்துவர். இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி என்னும் இரண வைத்தியர் 1962-இல் செம்மைப்படுத்திய முறையினின்றே இக்காலச் சிகிச்சை வளர்ந்தது.

இதன்கண் வைத்தியர்க்கு அச்சம் இரண்டு. காலின் இரத்தக்குழாயில் உதிரம் உறைந்து, அக்கட்டி நுரையீரலையடைந்து உயிரைப் போக்குதல் ஒன்று. அதனைத் தடுக்கக் கொடுக்கும் மருந்தே உதிரத்தைப் பெருகச்செய்தல் மற்றொன்று.

அம்மருந்துகளுள் ஒன்றாகிய வார்பரினின் வரலாறு மாணவர் அறியத்தக்கது. 1920-ஐ அடுத்த ஆண்டுகளில் கானடா நாட்டில், கொம்பு நீக்குதல் போன்ற சிறு சிகிச்சைக்குட்பட்ட மாடுகள் உதிரம் நில்லாது மடிந்தன. பூஞ்சணம் பிடித்த தீவனமே காரணமெனக் கண்டவர் பிராங்க் ஸ்கோபீல்டு. இவர் முன்னர்க் கொரியாவில் மிஷனெரியாயிருந்தவர் என்பது நம் கல்லூரியார்க்கு உவப்பளிக்கும். 1933-இல் அமெரிக்கக் குடியானவரொருவர், இறந்த பசுவின் உறையாத இரத்தத்தைப் பாற்பாத்திரத்தில் ஏந்திக் கார்ல் லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சியின் பயனாகிய வார்பரின், 1948-இல் முதற்கண் எலி நஞ்சாகவே விற்கப்பட்டது!

இன்று புதிய மாத்திரைகளும் ஊசிகளும் உள. மூட்டு மாற்றியபின் இவற்றைச் சில வாரங்கள் கொள்ளச் சொல்வர். ஆகலின், வீடு திரும்பியபின்னும் உதிரப்பெருக்கு நேரலாம். அது பலகாற் கண்ணுக்குப் புலப்படாது. தொடை ஒரு லிட்டருக்கு மேற்பட்ட உதிரத்தையும் தன்னுள் அடக்கவல்லது. மேற்கட்டு உலர்ந்திருக்கவும் தொடை வீங்கி இறுகும், தலை சுழலும், நாடி விரையும், சிறுநீர் குறையும். உதிரக்கட்டி நரம்பை அழுத்தின் பாதம் வலிவற்றுத் தொங்கும். 'வயோதிகத் தளர்ச்சி' என்று இவற்றைத் தள்ளிவிட்டு மறுநாட் காலைப் பஸ்ஸை எதிர்பார்த்திருத்தல் தகாது. வீக்கத்தை எண்ணெயிட்டு உருவுதலும் கூடாது. உடனே 108 வண்டியை அழைத்துத் தேனி அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவசாலைக்கேனும், அறுவை செய்த இடத்திற்கேனும் கொண்டுபோதல் வேண்டும்.

இருதயநோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் முதலியன உட்கொள்வோர் அதனைச் சிகிச்சைக்கு முன்னரே தெரிவித்தல் வேண்டும்; தாமாக நிறுத்துதலும் ஆபத்தே. வலிக்கெனக் கடையில் வாங்கும் டைக்குளோபினாக் மாத்திரையும் உதிரப்போக்கை மிகுவிக்கும். பெயர் நினைவில்லாத முதியோர், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட யாவற்றையும் ஒரு பையிலிட்டு, அப்பையையே வைத்தியர்முன் வைத்துவிடலாம்.