ஏதுப்போலியும் இலவச விவாதமும்: மணிமேகலை அளவையியல் வழி ஒரு நோக்கு

தருக்கப் பிழைகளை இனங்காணும் முறை தமிழுக்கு மேலைத் தருக்கவியலின் வழியே வந்ததன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என 33 போலிகளை எடுத்துரைக்கிறார். இப்பகுதி வடமொழி நியாயப்பிரவேசத்தோடு ஒப்பிடப்படுவதுண்டு. இக்கால அரசியல் கருத்துக் கட்டுரைகளோடும் பொருத்திப் பார்க்கத்தக்கது.

2006 சட்டமன்றத் தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சியும் 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வாக்குறுதிகளாயின. அறிக்கையில் இவ்வாறு வாக்குறுதி அளிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என 2013இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது; விவாதம் ஓயவில்லை. எதிர்ப்போர் வாதத்தைச் சுருக்கினால், 'இத்திட்டம் கேடானது' என்பது பக்கம். 'விலையின்றி வழங்கப்படுதலின்' என்பது ஏது. விலையின்றி வழங்கப்படுதலோ தடுப்பூசிக்கும் அரசுப் பள்ளிக் கல்விக்கும் உரியது. சாதிக்க வேண்டியதிலும் அதற்கு மாறானதிலும் ஒருங்கே காணப்படும் இத்தகைய ஏதுவை அநைகாந்திகத்துள் 'சாதாரணம்' என்கிறது காப்பியம். ஒலி நிலையற்றது, அறியப்படுதலின் என்பது அங்குள்ள காட்டு. நிலையற்ற குடமும் அறியப்படும், நிலையான ஆகாயமும் அறியப்படும்.

ஆதரிப்போரும் இதே குழியில் விழுகின்றனர். 1982இல் விரிவாக்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தைக் காட்டி, விலையில்லாப் பொருள்கள் யாவும் நன்மை பயக்கும் என்பர். காட்டு மெய்யே, ஆனால் அந்நன்மைக்கு ஏது பசித்த குழந்தை பள்ளியில் உண்டதே அன்றி, விலை இல்லாமை அன்று. தொலைக்காட்சிப் பெட்டிக்கு அவ்வேது பொருந்தாது. 'இலவசம்' என்பதை 'விலையில்லா' என மாற்றியதாலும் ஏது வலுப்பெறவில்லை.

'மக்களைச் சோம்பேறிகளாக்குதலின் கேடானது' என்னும் வாதம் இன்னும் நுட்பமாக நோக்கத்தக்கது. எதிர்வாதி ஏற்காத ஒன்றையே ஏதுவாக வைப்பதால் இது 'அன்னியதாசித்தம்'. சாதாரணத்தில் ஏது உண்மை, அது போதவில்லை. இங்கோ ஏதுவே இனிமேல்தான் நிறுவப்பட வேண்டும். உழைப்பு குறைந்ததா என்பது களத் தரவு கொண்டு தீர்க்கவேண்டிய வினா. பல கட்டுரைகள் அதனைத் தீர்ந்ததாகக் கொண்டே தொடங்குகின்றன.

எழுதியவரின் கட்சியைச் சுட்டிக் கருத்தைத் தள்ளும் வழக்கத்திற்கு 33 போலிகளுள் தனிப்பெயர் இல்லை. எனினும் ஒரே கட்சியினர் மெய்யும் கூறுவர், பொய்யும் கூறுவர். ஆதலின் அதுவும் சாதாரணத்துள் அடங்கும்.