"வேணாம்" என்றால் வேணாமா? ஆட்டிசமும் மூளைக்குள் ஓடும் பாதைகளும்

பெருநாள் காலை. வீட்டுக்கு வந்த பெரியவர் முன்னால் பத்து வயதுப் பிள்ளை வட்டிலப்பத் தட்டைக் கொண்டுபோய் வைக்கிறான். "வேணாம்ப்பா, இப்பத்தான் சாப்பிட்டு வர்றேன்" என்கிறார் அவர். பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறான். உம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. "இன்னொரு தடவை சொல்லி வைக்கத் தெரியாதாடா?" என்று ஏசுகிறார். பிள்ளை விழிக்கிறான். அவர்தானே வேணாம் என்றார்?

நம் வீடுகளில் விருந்தாளி சொல்லும் முதல் "வேணாம்" மரியாதைக்குச் சொல்வது என்பது நமக்குத் தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை அவர் முகத்திலிருந்தும் குரலிலிருந்தும் அந்த இடத்தின் வழக்கத்திலிருந்தும் ஒரு நொடியில் பிடித்துவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இது தானாக நடப்பதில்லை. அதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று ஆய்வாளர்கள் தேடி வந்த கதையைப் பார்ப்போம்.

1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் ஒரு பொம்மை நாடகத்தைப் பிள்ளைகளிடம் நடித்துக் காட்டினார்கள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் மாற்றி வைக்கிறாள். சாலி திரும்பி வந்தால் எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் "பெட்டியில்" என்று காட்டினார்கள். குண்டு உண்மையில் இருப்பது அங்கேதான். ஆனால் சாலிக்கு அது தெரியாதே. டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் "கூடையில்" என்று சரியாகச் சொன்னார்கள். அவர்களைவிட ஆட்டிசம் பிள்ளைகளின் பொது அறிவுத்திறன் கூடுதலாகவே இருந்தது. ஆகவே இது மந்த புத்தி அல்ல, அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று கணிக்கும் ஒரு தனி வேலையில்தான் சிக்கல் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அந்த வேலை மூளையில் எங்கே நடக்கிறது? ஓரிடத்தில் அல்ல. காதுக்குச் சற்று மேலே பின்பக்கம் ஒரு பகுதி, நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஒரு பகுதி, பொட்டுப் பக்கம் ஒரு பகுதி என்று பல இடங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்கின்றன. கலியாண வீட்டு பிரியாணியை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி களைபவர், அடுப்பைப் பார்ப்பவர், தம் போடும் பண்டாரி எல்லோரும் கைதேர்ந்தவர்களாகவே இருக்கலாம். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால்?

2002இல் ஃபுல்வியா காஸ்டெல்லி, ஃப்ரித் முதலானோர் செய்த ஆய்வு இதைத்தான் தொட்டது. ஆட்டிசம் உள்ள, நன்றாகப் பேசத் தெரிந்த 10 பெரியவர்களுக்கும் மற்ற 10 பேருக்கும் திரையில் இரண்டு முக்கோணங்களைக் காட்டினார்கள். முகமில்லை, குரலில்லை. ஒரு படத்தில் பெரிய முக்கோணம் தாயைப்போலச் சின்னதை வெளியே போகும்படி நயந்து கூப்பிடும். இன்னொரு படத்தில் இரண்டும் நோக்கமில்லாமல் மிதக்கும். மிதக்கும் படத்தை இரு தரப்பாரும் ஒன்றுபோல விவரித்தார்கள். நயந்து கூப்பிடும் படத்தில்தான் ஆட்டிசம் உள்ளவர்களின் விவரிப்பு தடுமாறியது. அப்போது பெட் ஸ்கேனில் தெரிந்தது முக்கியமானது. பார்வைக்கான பின்மூளைப் பகுதி இரு தரப்பிலும் ஒரே அளவு சுறுசுறுப்பாக வேலை செய்தது. ஆனால் அங்கிருந்து காதுக்கு மேலுள்ள பகுதிக்குப் போகும் தொடர்பு ஆட்டிசம் உள்ளவர்களிடம் பலவீனமாக இருந்தது. கண் பார்த்துவிட்டது, பார்த்ததன் பொருள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முழுதாகச் சேரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

2004இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மார்செல் ஜஸ்ட் குழுவினர், வாக்கியங்களைப் புரிந்துகொள்ளும் வேலையிலும் மூளைப் பகுதிகளின் ஒத்திசைவு குறைந்திருப்பதைக் கண்டு, "தொடர்புக் குறைவு" என்றே ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். தொலைவிலுள்ள பகுதிகளுக்கிடையே தொடர்பு குறைவு, பக்கத்திலுள்ளவற்றுக்கிடையே அதிகம் என்று பலரும் எழுதத் தொடங்கினார்கள்.

இங்கேதான் ஒரு இடி விழுந்தது. 2012இல் ஜொனாதன் பவர் குழுவினர் ஸ்கேன் எடுக்கும்போது தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே தொலைத் தொடர்பு குறைவாகவும் பக்கத் தொடர்பு அதிகமாகவும் தவறாகத் தெரியும் என்று காட்டினார்கள். அச்சு அசல் அதே படம்! அந்தச் சத்தத்துக்குள் எந்தப் பிள்ளைதான் அசையாமல் படுத்திருக்கும்? அதன்பின் தலையசைவைக் கணக்கில் எடுத்தே ஆய்வு செய்கிறார்கள். பல நாட்டு மையங்கள் சேர்ந்து 1,112 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பொதுவில் வைத்தன. அதை ஆராய்ந்தபோது சில தொடர்புகள் குறைவாகவும் சில அதிகமாகவும் இருந்தன. வித்தியாசம் உண்டு என்பது நின்றது. ஆனால் அது கூட்டத்தின் சராசரி, ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "மூளை ஸ்கேன் எடுத்து ஆட்டிசம் கண்டுபிடிக்கிறோம்" என்று யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், நகையை அடகு வைத்து ஓடாதீர்கள். இன்றுவரை எந்த ஸ்கேனும் ஒரு தனிப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. பிள்ளையின் நடத்தையைக் கவனித்தும், வளர்ந்த விதத்தைப் பெற்றோரிடம் கேட்டும்தான் கண்டறிகிறார்கள். வலிப்பு போன்ற வேறு சந்தேகத்துக்கு டாக்டர் ஸ்கேன் எழுதினால் அது வேறு.

இன்னொன்று. அடுத்தவர் எண்ணம் பிடிபடவில்லை என்பதும் அடுத்தவர் மேல் பாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல. உம்மா அழுதால் ஏன் என்று புரியாத பிள்ளை, அழுகிறார் என்பதிலேயே கலங்கிப் போகலாம். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் ஒரு கேள்வி எழுப்பினார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கு மட்டும் அவர்களைப் புரிகிறதா? எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தும் சோதனை செய்து 2020இல் வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே நின்ற வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டுமே நின்ற வரிசையிலும் கதை ஒரே அளவு தங்கியது. இரு தரப்பும் கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. பின்னர் பெரிய அளவில் செய்தபோது கலப்பு வரிசையில் அந்த இழப்பு தெரியவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் சளைத்தவர்கள் அல்ல என்பது இரண்டிலுமே தெரிந்தது.

அப்படியானால் வீட்டில் செய்ய வேண்டியது, மறைபொருளை வெளியே எடுத்துச் சொல்வது. "நேரம் என்ன ஆச்சு பாரு" என்றால் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்வான். "செருப்பைப் போடு, மதரஸாவுக்குக் கிளம்பு" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பத்து நொடி பொறுங்கள். பதில் வரும் முன்பே மறுபடி கத்தினால் முதலில் கேட்டதும் சேர்ந்து குழம்பும். "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம், பார்க்காமலே கேட்கும் பிள்ளைகள் உண்டு. மதரஸா ஹஜ்ரத்திடமும் பள்ளி ஆசிரியரிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திமிர் என்று நினைத்து அடி விழுவது பெரும்பாலும் யாரும் சொல்லாததால்தான். வட்டிலப்ப விஷயத்தையும் சொல்லிக் கொடுக்கலாம்: "முதல் தடவை வேணாம்னா இன்னொரு தடவை கேளு. ரெண்டாவது தடவையும் வேணாம்னா எடுத்துட்டு வா." மூன்று தடவை மறுத்துவிட்டுச் சாப்பிடும் பெரியவர்களும் நம்மில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன விதி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பேச்சு தாமதம், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரல் நீட்டிக் காட்டாமை ஆகியவற்றை இரண்டு வயதுக்குள் கவனித்தால் காத்திருக்க வேண்டாம். மாவட்ட அளவில் அரசு நடத்தும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றுக்கொண்டால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள், இதுவரை பார்த்த டாக்டர் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.